வீட்டுக்கு ஏற்ற திரை எது?

பாடம் 6 – உரைநடை

நுழையும் முன்

தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் கடைக்குள் நுழைந்தால் எச்.டி. ரெடி, ஃபுல் எச்.டி., 4கே, 8கே என்னும் சொற்கள் கண்ணில் படும். எண் பெரிதாகப் பெரிதாக விலையும் உயரும். பெரிய எண்ணே சிறந்தது என்று கருதிப் பணம் கொடுப்போர் பலர். அவ்வெண்கள் எதைக் குறிக்கின்றன? நம் வீட்டுக்கு எது போதும்? ஓர் அளவுநாடாவும் எளிய பெருக்கலும் இவ்வினாக்களுக்கு விடை தரும்.

திரையும் புள்ளிகளும்

திரையில் தோன்றும் படம் ஒரே பரப்பாகத் தெரிந்தாலும், அது மிகச் சிறிய ஒளிப்புள்ளிகளால் ஆனது. வாசலில் இடும் புள்ளிக்கோலத்தைப் போல, இவை திரையில் கிடையாகவும் நெடுக்காகவும் வரிசையாக அமைந்துள்ளன. இவற்றைப் படப்புள்ளிகள் என்பர். பேச்சுவழக்கில் பிக்சல் என்பதும் இதுவே. ஒரு திரையில் எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்பதே அதன் தெளிவுத்திறன் ஆகும்.

• எச்.டி. ரெடி: 1366 × 768 = 10,49,088
• ஃபுல் எச்.டி.: 1920 × 1080 = 20,73,600
• 4கே: 3840 × 2160 = 82,94,400
• 8கே: 7680 × 4320 = 3,31,77,600

ஃபுல் எச்.டி. திரையைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள் 4கே திரையில் உள்ளன. அதனைப் போல் நான்கு மடங்கு 8கே திரையில் உள்ளன. 4கே என்பதில் வரும் 4, கிடைவரிசையில் ஏறத்தாழ நாலாயிரம் புள்ளிகள் இருப்பதைக் குறிக்கிறது.

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கியது. 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. அக்காலத்தில் படம் 625 கோடுகளாக அனுப்பப்பட்டது. அவற்றுள் 576 கோடுகளே படத்தைத் தாங்கின. எச்.டி. அல்லாத சாதாரண அலைவரிசைகள் இன்றும் அந்த 576 வரிசை அளவையே பின்பற்றுகின்றன.

கண்ணின் எல்லை

புள்ளிகள் மிகுந்தால் படம் தெளிவாகும் என்பது உண்மையே. ஆயினும் அத்தெளிவைக் காண வேண்டியது நம் கண். அதற்கு ஓர் எல்லை உண்டு.

ஒரு வட்டத்தை 360 பாகைகளாகப் பிரிக்கிறோம். ஒரு பாகையை அறுபது கூறுகளாகப் பிரித்தால், அவற்றுள் ஒரு கூறு அளவுள்ள நுண்மையையே இயல்பான பார்வை உடைய கண் பிரித்தறியும். அதனினும் நெருங்கிய இரண்டு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். கோலத்தின் புள்ளிகளை அருகில் நின்று எண்ணலாம். மொட்டைமாடியிலிருந்து எண்ண இயலாது. திரைக்கும் இதே நியாயம் பொருந்தும்.

43 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஐந்தரை அடிக்கு அப்பால் அமர்ந்தால் அப்புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதே அளவுள்ள 4கே திரையில் புள்ளி அதிற்பாதி அகலமே உடையது. ஆனால் முன்னதன் புள்ளிகளே பிரிந்து தெரியாத தொலைவில், பின்னதன் நுண்மை கண்ணுக்கு எட்டாது. மிகக் கூரிய பார்வை உடையோர் இன்னும் சற்றுத் தொலைவிலிருந்தும் வேறுபாட்டை உணரக்கூடும்.

அளந்து பார்ப்போம்

திரையின் அளவு என்பது அதன் மூலைவிட்டத்தின் நீளம். அம்மூலைவிட்டத்தை ஒன்றரையால் பெருக்கினால் ஃபுல் எச்.டி. திரையின் எல்லைத் தொலைவு தோராயமாகக் கிடைக்கும். அதற்கு அப்பால் அமர்வோர்க்கு ஃபுல் எச்.டி. போதும். எச்.டி. ரெடி திரைக்கு இரண்டேகால் மடங்கு எனக் கொள்ளலாம்.

போபாலில் அரசுக் குடியிருப்பில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் 43 அங்குலப் பெட்டி வாங்க எண்ணுகிறது எனக் கொள்வோம். கூடத்தில் இருக்கைக்கும் சுவருக்கும் இடையே எட்டு அடி தொலைவு. 43 × 1.5 = 64.5 அங்குலம், அதாவது ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைவு. எட்டு அடி இதனினும் மிகுதி. எனவே அந்த இருக்கையிலிருந்து பார்ப்போர்க்கு 4கே திரையின் கூடுதல் புள்ளிகளால் பெரும்பயன் இல்லை. அதற்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் ஊருக்குச் செல்லும் தொடர்வண்டிக் கட்டணத்துக்கு உதவலாம்.

படுக்கையறைக்கு 32 அங்குலப் பெட்டி போதும் என்று கருதினால், ஆறடித் தொலைவில் எச்.டி. ரெடியே நிறைவாக இருக்கும்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

திரை எத்தனை புள்ளிகளைக் கொண்டிருந்தாலும், வரும் படத்தில் உள்ளதைத்தான் அது காட்ட இயலும். சாதாரண அலைவரிசையின் படமும், பெற்றோரின் திருமணத்தைப் பதிந்து வைத்த பழைய டி.வி.டி. வட்டின் படமும் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள் கொண்டவை. அதை ஃபுல் எச்.டி. திரையில் நிரப்ப, ஒரு புள்ளியை ஐந்தாகப் பெருக்க வேண்டும். 4கே திரையில் இருபதாகப் பெருக்க வேண்டும். எஞ்சிய பத்தொன்பதையும் பெட்டியே கணித்து நிரப்புகிறது. எனவே பெரிய 4கே திரையில் அப்படம் மங்கலாகத் தோன்றினால், அது பெட்டியின் பழுது அன்று.

இணையத்தின் வழியே 4கே படம் காண்பதற்கு விரைவான இணைப்பும் மிகுந்த தரவும் தேவை. சில நிறுவனங்கள் 4கே படங்களுக்கு உயர்ந்த கட்டணமும் பெறுகின்றன. ஆகவே திரையை மட்டும் மாற்றினால் போதாது.

4கே பயன்படும் இடங்கள்

4கே வீண் என்பது இதன் பொருள் அன்று. எட்டடி தொலைவில் 65 அங்குலமோ அதனினும் பெரிதோ ஆன திரையை வைப்போர்க்கும், மிக அருகில் அமர்ந்து விளையாடுவோர்க்கும் அது பயன் தரும். 43 அங்குலத் திரையைக் கணினியோடு இணைத்து மூன்றடித் தொலைவில் பாடம் படிப்போர்க்கு இன்னும் பயன் தரும். தமிழில் ஒரு புள்ளி மறைந்தால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். சிறிய எழுத்தின் மேலுள்ள புள்ளியும் வளைந்த சுழியும் 4கே திரையில் அவ்வளவு அருகிலும் கூர்மையாகத் தெரியும்.

55 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெட்டிகள் இன்று பெரும்பாலும் 4கே வகையாகவே விற்கப்படுகின்றன. அவ்வளவு பெரிய பெட்டி தேவையா என்பதே அங்கு முதற்கேள்வி.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. கடையில் இரண்டு மூன்றடி தொலைவில் நின்று பார்க்கிறோம். அங்கு ஓடும் படமும் அதற்கெனவே எடுக்கப்பட்டது. வீட்டில் அமரும் தொலைவுக்குப் பின்வாங்கி நின்று பார்த்தல் வேண்டும்.
2. ‘4கே ஆதரவு’ என்ற எழுத்து மட்டும் இருந்தால், பெட்டி 4கே படத்தை ஏற்றுக் குறைந்த புள்ளிகளில் காட்டுவதாகவும் இருக்கலாம். ‘3840 × 2160’ என்ற எண் திரையின் அளவாகக் குறிக்கப்பட்டுள்ளதா எனப் படிக்க வேண்டும்.
3. ஒளிர்வு, கருமையின் ஆழம், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நிறம் மாறாமை ஆகியவையும் படத்தின் தரத்தை முடிவு செய்கின்றன. இவற்றில் சிறந்த ஃபுல் எச்.டி. பெட்டி, மட்டமான 4கே பெட்டியை விட நன்றாகத் தோன்றும்.
4. மின்சேமிப்பைக் காட்டும் நட்சத்திரக் குறியீட்டையும் ஒப்பிட வேண்டும்.

முதலில் இருக்கை, அடுத்துத் திரையின் அளவு, அதன்பின் தெளிவுத்திறன், இறுதியில் விலை என்னும் வரிசையில் சிந்திப்போர், விற்பவரின் சொல்லைக் கேட்டுவிட்டுத் தம் கணக்கையும் பார்த்து வாங்குவர்.

சொற்பொருள்

அங்குலம் – அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு
பாகை – கோணத்தை அளக்கும் அலகு
மூலைவிட்டம் – எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோடு
அகப்பை – குழம்பு முதலியவற்றை முகக்கும் கரண்டி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தெளிவுத்திறன் என்றால் என்ன?
2. பழைய திருமண வட்டின் படம் 4கே திரையில் மங்கலாகத் தோன்றுவது ஏன்?

ஆ. கணக்கிட்டு எழுதுக.
55 அங்குல ஃபுல் எச்.டி. திரையின் எல்லைத் தொலைவு எத்தனை அடி? ஒன்பது அடி தொலைவில் அமர்வோர்க்கு 4கே திரை தேவையா? காரணம் கூறுக.

இ. பிரித்து எழுதுக.
ஒளிப்புள்ளி, அவ்வெண்கள், அதிற்பாதி, முதற்கேள்வி

ஈ. பழமொழியை விளக்குக.
‘சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்’ என்னும் பழமொழி பொருந்தும் வேறொரு சூழலை ஐந்து தொடர்களில் எழுதுக.

உ. செயல்பாடு
உங்கள் வீட்டில் திரைக்கும் இருக்கைக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து, உங்கள் வீட்டுக்கு ஏற்ற திரை எது எனக் கணக்கிடுக. அம்முடிவைப் பெற்றோரிடம் தமிழில் எடுத்துரைக்க.