நலம் அறிவோம்: நெஞ்சு வலிக்காமலும் மாரடைப்பு வரும்



"நெஞ்சு வலி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று குழுக் கூட்டங்களில் பலமுறை சொல்லியிருக்கிறோம். சொன்னது தப்பில்லை. ஆனால் அது பாதிப் பாடம்தான் என்பதை ராசிபுரம் பக்கத்து ஊர் சகோதரி ஒருவரிடம்தான் நாங்கள் கற்றுக் கொண்டோம்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். ஒரு நாள் மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கும்போது குப்பென்று வியர்த்து, மூச்சு வாங்கி, உடம்பு சோர்ந்து விட்டது. "கேஸாத்தான் இருக்கும்" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்து விட்டார். மறுநாளும் களைப்பு தீரவில்லை. மகன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், மாரடைப்பு வந்திருக்கிறது என்றார்.

"நெஞ்சு வலிக்கவே இல்லைங்களே, நான் எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று அவர் எங்களிடம் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இதயம் பலவீனமாகி விட்டதால் காட்டு வேலைக்குப் போக முடியவில்லை. மாட்டுக் கடன் தவணைக்குக் குழுவே கூடிப் பேசி வழி செய்தது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில்தான் இந்தப் பாடம்.

ஏன் வலிக்கவில்லை?

கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் வைக்கிறோம். கரண்ட் வந்ததும் யாரும் போய் அமுக்காமலே மோட்டார் ஓடும். அதுபோல நம் உடம்பிலும் தானாகவே வேலை செய்யும் நரம்புகள் உண்டு. இவற்றைத் தானியங்கி நரம்புகள் என்கிறார்கள். இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் எப்படி இருக்க வேண்டும், எப்போது வியர்க்க வேண்டும் என்பதையெல்லாம் இவையே கவனிக்கின்றன. இதயத்தின் வலியை மூளைக்குச் சொல்வதும் இந்த வழியில்தான்.

பல வருடம் இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் இந்த நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும். பழுதானால் இதயத்துக்கு இரத்தம் போவது தடைப்பட்டாலும் வலி தெரியாமல் போகலாம்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

* சென்னை மெட்ராஸ் டயாபட்டீஸ் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொன்னது.

* அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. இதய நோய்க்கான எந்த அறிகுறியும் இல்லாத சர்க்கரை நோயாளிகள் 522 பேரைப் பரிசோதித்தார்கள். 113 பேருக்கு இதயத்தில் குறை தெரிந்தது. அதாவது ஐந்தில் ஒருவருக்கு! தானியங்கி நரம்பு பழுதானவர்களிடம் இது அதிகமாக இருந்தது.

* டென்மார்க்கில் 160 சர்க்கரை நோயாளிகளைச் சுமார் 8 வருடம் கவனித்தார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியவர்களுக்கு இதய நோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தானியங்கி நரம்பு பழுதாவதும் குறைந்தது. 2003-ல் இதை வெளியிட்டார்கள். நமக்கு நம்பிக்கை தரும் செய்தி இதுதான்.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

1. படுக்கையிலிருந்தோ தறியிலிருந்தோ எழுந்ததும் கண் இருட்டி, தலை சுற்றுவது.
2. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 100-க்கு மேல் துடிப்பது.
3. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்தது போல் இருப்பது.

வேறு காரணங்களாலும் இவை வரலாம். பயப்பட வேண்டாம், ஆனால் டாக்டரிடம் சொல்லாமல் இருக்கவும் வேண்டாம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. படுக்க வைத்து ஒருமுறையும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒருமுறையும் பி.பி. பார்ப்பார்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மேற்கொண்டு கவனிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, "நிக்க வெச்சும் பி.பி. பாருங்க" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

நாம் செய்ய வேண்டியவை

* சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை நாமாக நிறுத்தக் கூடாது. தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக் கொள்ள வேண்டும்.
* காலையில் சட்டென்று எழ வேண்டாம். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழுங்கள்.
* வெற்றிலையோடு புகையிலை போடுவதை விட வேண்டும்.
* சர்க்கரை உள்ளவருக்குத் திடீரென்று வியர்வை, மூச்சு வாங்குதல், காரணமில்லாத சோர்வு, வாந்தி, தாடை அல்லது கை வலி வந்தால், நெஞ்சு வலிக்காவிட்டாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சோடா, ஓமத் தண்ணீர் என்று நேரம் போக்காதீர்கள். வண்டியில் தனியாக அனுப்பாதீர்கள்.
* சர்க்கரை அளவு குறைந்தாலும் இப்படி வியர்க்கும். நினைவோடு இருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுக்கலாம்.

குழுவால் முடியும்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்க்கும் பணிக்கு மகளிர் குழு சகோதரிகளைத்தான் எடுத்தார்கள். நம்மால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் எத்தனை பேருக்குச் சர்க்கரை உள்ளது? எத்தனை வருடமாக?
2. எழுந்தால் தலை சுற்றுகிறது என்று யாராவது சொல்கிறார்களா? அவர்களோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது யார்?
3. இராத்திரியில் ஒருவருக்கு முடியாமல் போனால் 108-க்கு யார் போன் செய்வது?

சேமிப்பு நோட்டை மாதாமாதம் சரிபார்க்கிறோம். சர்க்கரை நோட்டையும் அப்படியே பார்ப்போம். வலிக்கும் வரை காத்திருக்க வேண்டாம் சகோதரிகளே!