பழைய சுங்கான் எந்த ஊர்? கண்டுபிடிக்கச் சில குறிப்புகள்

தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ, எஸ்டேட் பங்களா சாமான்களை ஏலத்தில் எடுத்தபோதோ ஒரு பழைய பைப் கையில் சிக்கியிருக்கலாம். அது பிறந்த ஊருக்கான அடையாளம் பெரும்பாலும் அதன் மேலேயே இருக்கும். நாமே தேய்த்து அழித்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1. கிடைத்த அன்றே பளபளப்பாக்க உட்காராதீர்கள். புளி, விபூதி, சோப்புத்தூள், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். மரத்தில் குத்திய எழுத்து மிகவும் மேலோட்டமானது. உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும், பிறகு திரும்ப வராது. உலர்ந்த பருத்தித் துணியும் மெத்தென்ற பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும்.

2. இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில், தண்டோடு தண்டாகப் படுக்க வைத்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் மரமாகத் தெரிந்த இடத்தில் எழுத்துகள் நிழலாக எழும்பி வரும். தண்டின் இரு பக்கமும், அடிப்பக்கமும் பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் பூதக்கண்ணாடியே தேவையில்லை.

3. நாட்டின் பெயர் இருந்தால் அதுவே காலத்தையும் சொல்லும். டப்ளினின் பீட்டர்சன் பைப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்’ என்று குத்தியிருந்தால், அந்தப் பெயரில் நாடு இருந்தது 1922 முதல் 1937 வரைதான். ‘ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து’ என்றிருந்தால், குடியரசு நடைமுறைக்கு வந்த 1949-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ செய்தது. இன்னொன்று: இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டது. ஆகவே களிமண் பைப்பில் ‘ஸ்காட்லாந்து’ என்று தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குப் பிந்தியது.

4. தண்டும் வாய்க்குழலும் சேரும் இடத்தில் பூண் இருக்கிறதா? அதிகம் பேசுவது அந்தப் பூண்தான். ஆங்கிலேய வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை லண்டன், வாளும் மூன்று கோதுமைக் கட்டும் செஸ்டர். செஸ்டர் சோதனைச்சாலை 1962-இல் மூடப்பட்டதால் அந்த முத்திரை அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது. கூடவே உள்ள ஒற்றை எழுத்து ஆண்டைக் குறிக்கும். ஊருக்கு ஊர் வடிவம் மாறும் என்பதால் அந்தந்த ஊரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஆனால் நங்கூரம் இருப்பதாலேயே பைப் பர்மிங்ஹாமில் செய்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முத்திரை வெள்ளிக்குத்தான், மரத்துக்கல்ல. தண்டு விரிசல் விட்ட பிறகு யாரோ மாட்டிய பூணாகவும் இருக்கலாம்.

5. மூன்று சின்னம் வரிசையாக இருந்தாலே வெள்ளி என்று நம்பிவிடாதீர்கள். பீட்டர்சனின் நிக்கல் பூண்களில் ஷாம்ராக் இலை, வேட்டை நாய், வட்டக் கோபுரம் இருக்கும். அழகுதான், ஆனால் அரசு முத்திரை அல்ல. டப்ளினின் உண்மையான வெள்ளி முத்திரையில் அமர்ந்திருக்கும் பெண்ணும் முடிசூட்டிய யாழும் இருக்கும்.

6. ‘பிரையர்’, ‘புரூயேர்’ என்ற சொற்களைக் கம்பெனிப் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் மத்தியதரைக் கடலோரப் புதர் ஒன்றின் வேர்க்கட்டையைத்தான் குறிக்கின்றன. அந்தக் கட்டையில் பைப் கடையும் தொழில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் செயின்ட் கிளாடில் வேரூன்றியது.

7. வெள்ளையாக, அல்லது தேன் நிறமேறி, கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தால் அது மீர்ஷாம் என்ற கல்லாக இருக்கலாம். அந்தக் கல் துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் வெட்டியது. நுணுக்கமான செதுக்கு வேலைக்குப் பேர்போனது வியன்னா. வெள்ளி மூடி இருந்தால் பிறைசூடிய பெண் தலையைத் தேடுங்கள். அந்த டயானா தலை ஆஸ்திரியாவில் 1867 முதல் 1922 வரை இருந்த முத்திரை. கூடவே ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் வியன்னா. மிதக்கிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்க்காதீர்கள். மீர்ஷாம் நீரை உறிஞ்சி மெதுவாகிவிடும்.

8. வாய்க்குழல் கறுப்பாக இருந்து பச்சைப் பழுப்பாக வெளுத்திருந்தால், கட்டை விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் அது வல்கனைட், கெட்டி ரப்பர். மஞ்சளாக இருந்தால் ஆம்பரா பேக்லைட்டா என்ற சந்தேகம் வரும். தனியாகக் கழன்று வந்து, உலோகம் எதுவும் இல்லாதிருந்தால் மட்டும், உப்பு கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குக் கரைத்த நீரில் இடுங்கள். ஆம்பர் மிதக்கும், பேக்லைட் மூழ்கும். சூடேற்றிய ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் ஆபத்து. செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

9. களிமண் பைப்பில் கிண்ணம் சிறிதாக இருந்தால் பழமை அதிகம் என்பது பொது விதி. ஆரம்பத்தில் புகையிலை விலை உயர்ந்த சரக்கு. தண்டின் துளையும் காலத்தைக் காட்டும். அமெரிக்க ஆய்வாளர் ஹாரிங்டன் 1954-இல் இதை அளந்து சொன்னார்: 1600-ஐ ஒட்டிய ஆங்கிலேயத் தண்டுகளில் துளை ஏறக்குறைய 3.6 மில்லிமீட்டர், 1750-க்குப் பிறகு 1.6. டிரில் பிட்டின் அடிப்பாகத்தை நுழைத்தே அளக்கலாம். ஒரே ஒரு துண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நிறையத் துண்டுகள் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். கிண்ணத்தின் அடியில் உள்ள குதியையும் பாருங்கள். டச்சு நகரமான கவுடாவின் பைப்புகளில் முத்திரை அங்கேதான் இருக்கும்.

10. பீங்கான் கிண்ணத்தில் படைப்பிரிவு எண்ணும் சிப்பாய் பெயரும் ஆண்டுகளும் எழுதியிருந்தால் ஜெர்மனி. படைச் சேவை முடிந்து வீடு திரும்பியவர்கள் நினைவாகச் செய்துகொண்டது.

11. கறுத்த உலோகத்தில் வெள்ளிப் பூவேலை செய்த ஹூக்கா அடிப்பாகமா? துத்தநாகமும் சிறிது செம்பும் கலந்த பிதர் வேலை. உருண்டை வடிவம் பழையது, மணி வடிவம் பிந்தியது. அந்தக் கறுப்பு அழுக்கல்ல. கைவினைஞர் வேண்டுமென்றே ஏற்றிய நிறம். புளி போட்டுத் தேய்த்தால் வேலையின் உயிரே போய்விடும்.

12. இரு முனையும் உலோகம், நடுவில் மூங்கில், சுண்டு விரல் நுனி அளவுக் கிண்ணம் என்றால் ஜப்பானியக் கிசெரு. கிண்ணம் முனையில் இல்லாமல் தண்டின் நீளத்தில் சற்று உள்ளே தள்ளிப் பொருத்தியிருந்தால் அது புகையிலைக்கானதே அல்ல, சீன அபின் குழாய்.

13. விவரம் தெரிந்தவரிடம் கேட்கும்போது முழுப் படம், இரு பக்க எழுத்து, பூண், வாய்க்குழல், கிண்ணத்தின் உட்புறம் எனத் தனித்தனிப் படங்களைக் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்களிடம் அது யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கூடவே போட்டு வையுங்கள்.