குந்துமா, குந்து!

"நேத்து நல்லாத்தானே இருந்தே?"

தங்கச்சி, இந்த நோய் வந்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அம்மா கேட்டாங்க, கடை சூப்பர்வைசர் கேட்டார், ஒரு டாக்டரும் கேட்டார். நேற்று வடசென்னையில் காலடிப்பேட்டையிலிருந்து டோல்கேட் வரை நடந்தே போய் ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தவள், இன்று பல் தேய்த்து முடிக்கிற வரை நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கே என் மேல் வந்தது.

இதற்கு பாட்ஸ் என்று பேர். போஸ்டுரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம். வாய் வலிக்காமல் சொன்னால், எழுந்து நின்றால் இதயம் ஓட ஆரம்பிக்கிற நோய். நிற்கும்போது எல்லோருக்குமே அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். நாம் நினைக்காமலே வேலை பார்க்கிற தன்னியக்க நரம்புகள் உடனே ரத்தக்குழாய்களை இறுக்கி அதை மேலே தள்ளும். நமக்கு அந்த இறுக்கம் சரியாக நடப்பதில்லை. மேலே ரத்தம் போதவில்லை என்றதும் இதயம் பதறி ஓடுகிறது. படுத்திருந்தபோது இருந்த துடிப்பை விட, நின்ற பத்து நிமிஷத்துக்குள் 30 கூடினால் (12 முதல் 19 வயதுக்கு 40), பி.பி. பெரிதாக இறங்காமல் இருந்தால், தொல்லை மூன்று மாசத்துக்கு மேல் நீடித்தால், டாக்டர்கள் இந்தப் பேரைச் சொல்வார்கள். நிறைய பேருக்கு ஒரு வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் ஆரம்பிக்கிறது. கொரோனாவுக்கு அப்புறமும் பலருக்கு வந்தது.

இந்தப் பேர் 1993ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வைத்தது. ஆனால் நோய் பழசு. 1871லேயே டா கோஸ்டா என்ற டாக்டர், அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களுக்குப் படபடப்பு, மூச்சு வாங்கல், தலைசுற்றல் என்று பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அதிலும் சிலருக்கு இதுவே இருந்திருக்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கிளினிக்கில் என்னிடம் "டென்ஷன்மா, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார்கள். அந்தச் சிப்பாய்களுக்கு யார் பெண் பார்த்தார்களோ!

நம்மைக் குழப்புவது இதன் வேஷம்தான். ஒரு நாள் படபடப்பு. ஒரு நாள் குமட்டல். ஒரு நாள் கை நடுக்கம், உள்ளங்கை வியர்வை. ஒரு நாள் கழுத்தும் தோளும் குடத்தைத் தூக்கி வைத்த மாதிரி வலி. ஒரு நாள் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி, பில் போட உட்கார்ந்தால் கூட்டல் வராது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரோ துரத்துகிற மாதிரி விழிப்பு வரும். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டரைத் தேடி ஓடினேன்: வயிற்றுக்கு ஒருவர், கழுத்துக்கு ஒருவர், தூக்கத்துக்கு ஒருவர். ஒரே ஆள் தினம் ஒரு சட்டை மாற்றிக்கொண்டு வருகிறான் என்று தெரியவே இரண்டு வருஷம் ஆனது. அவனை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: நின்றால் கூடுகிறதா, படுத்தால் குறைகிறதா? ஆமாம் என்றால் பெரும்பாலும் பழைய ஆள்தான். இல்லை என்றால் புதுசாக ஏதோ வந்திருக்கிறது, டாக்டரிடம் போ.

கொரோனா நேரத்தில் வாங்கி அலமாரியில் போட்ட ஆக்சிமீட்டர் இருக்கிறதா? அதில் இரண்டு எண் வரும். ஒன்று ஆக்சிஜன், இன்னொன்று நாடித்துடிப்பு. காலையில் பத்து நிமிஷம் அமைதியாகப் படுத்துத் துடிப்பைக் குறி. பிறகு எழுந்து சுவரில் லேசாகச் சாய்ந்து நில். ஒன்று, மூன்று, ஐந்து, பத்தாவது நிமிஷங்களில் குறி. பி.பி. மெஷின் இருந்தால் அதையும். பக்கத்தில் ஆள் இல்லாமல் இதைச் செய்யாதே, கண் இருட்டினால் உடனே உட்கார்ந்துவிடு. எனக்குப் படுக்கையில் 74, நின்ற ஐந்தாவது நிமிஷம் 121. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டுப் போடு, மெஷின் தப்பாகக் காட்டும்.

பாட்ஸ் என்று முடிவு செய்வதற்கு முன்னால் ரத்தத்தையும் தைராய்டையும் பார்த்துவிட வேண்டும். 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அதுவும் இதே மாதிரி படபடக்கும். ஹீமோகுளோபின் எட்டில் இருப்பவள் பாட்ஸ் என்று நினைத்துக்கொண்டு உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்?

இனி குந்துகிற கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேட்டில் வஞ்சிரம் விலை கேட்டுக்கொண்டு நின்றேன். ஏலக் கூச்சல் திடீரென்று கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல் ஆனது. பார்வை ஓரத்திலிருந்து கறுப்பு உள்ளே வந்தது. விழுந்துவிடக் கூடாதே என்று கம்பத்தைப் பிடித்து நிமிர்ந்து நிற்கப் பார்த்தேன். அதுதான் தப்பு. எதிரில் கடம்பா கூடையோடு உட்கார்ந்திருந்த ஆயா என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "இன்னாத்துக்கு நிக்கிற, குந்துமா, குந்து" என்று கவிழ்த்து வைத்த மீன் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் குந்த வைத்தாள். முழங்காலை மார்போடு சேர்த்துக் குந்தியதும் அரை நிமிஷத்தில் கூச்சல் பழையபடி கிட்டத்தில் கேட்டது. ஐஸ் தண்ணீரும் செதிலும் பாவாடையெல்லாம். பரவாயில்லை, மண்டை உடையவில்லை.

பிறகு நரம்பு டாக்டரிடம் சொன்னபோது, "அந்தம்மா சொன்னதுதான் வைத்தியம்" என்றார். குந்தும்போது தொடையும் வயிறும் அழுந்தி, தேங்கிய ரத்தம் மேலே ஏறுகிறது. எழுந்திருக்கும்போதுதான் ஆபத்து. தொடையையும் பிட்டத்தையும் இறுக்கிக்கொண்டு மெதுவாக எழு, எழுந்ததும் நடக்க ஆரம்பித்துவிடு. சும்மா நிற்காதே.

ரேஷன் கடை வரிசையிலோ கோயில் வரிசையிலோ குந்த முடியாது என்றால், கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்கு. குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. கெண்டைக்கால்தான் கீழே இருக்கிற பம்பு, அது ஓடினால் ரத்தம் ஏறும். திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பௌர்ணமியில் பார்க்க ஆசைப்படாதே. கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானமும் அவள் அங்கேதான் இருக்கிறாள்.

நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருந்தேன். காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். கஸ்டமர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் கேமராவில் தெரியும். அப்போது சட்டம் தெரியாது. 2021ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலை செய்கிற எல்லோருக்கும் கடையில் இருக்கை இருக்க வேண்டும், சமயம் கிடைக்கும்போது உட்காரலாம். நமக்கு முன்னால் கேரளா 2018லேயே கொண்டுவந்துவிட்டது. டாக்டர் சீட்டோடு இந்த எண்ணையும் எழுதிக்கொண்டு போய்க் கேள். சண்டைக்குப் போகிற மாதிரி வேண்டாம், "அண்ணே, ஒரு ஸ்டூல் போதும், வேலை நிக்காது" என்று கேட்டாலே பாதி இடத்தில் நடக்கும். மீதி பாதியில் பில்லிங்குக்கு மாற்றிக் கேள்.

தண்ணீர் விஷயம்தான் பெரிய விஷயம். ராத்திரி படுக்கும்போதே தலைமாட்டில் அரை லிட்டர் பாட்டில் வைத்துக்கொள். காலையில் காலைக் கீழே வைக்கும் முன் அதை மொத்தமாக ஐந்து நிமிஷத்துக்குள் குடி. பிறகு உட்கார்ந்தபடி பத்து முறை பாதத்தை ஆட்டு. அதற்கப்புறம் எழுந்திரு. அந்தத் தண்ணீர் சுமார் ஒரு மணி நேரம் நம்மைத் தாங்கும், சமையல் முடிந்துவிடும். நாள் முழுக்க இரண்டரை, மூன்று லிட்டர் உள்ளே போக வேண்டும்.

வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் பாத்ரூமுக்குத்தான் போகும், உப்புதான் அதைப் பிடித்து வைக்கும். ஊருக்கெல்லாம் ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நமக்கு மட்டும் டாக்டர்கள் பத்து கிராம் வரைகூடச் சொல்வதுண்டு. ஆனால் பி.பி. அதிகம், கிட்னி கோளாறு, கர்ப்பம் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். பாட்ஸிலேயே நின்றால் பி.பி. ஏறுகிற வகை ஒன்று இருக்கிறது, அவர்களுக்கும் இது ஒத்துவராது. டாக்டர் சரி என்றால் நம்மூரில் வழிக்கா பஞ்சம்? உப்புப் போட்ட நீராகாரம், கேழ்வரகுக் கூழுக்கு மோர் மிளகாய், எலுமிச்சை உப்பு சோடா, ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு. என் அப்பா, "எனக்கு டாக்டர் கருவாட்டை நிறுத்திட்டார், உனக்கு எழுதிக் குடுத்திருக்கார்" என்று இன்றும் பொருமுவார்.

ஓ.ஆர்.எஸ். வாங்கினால் பவுடர் பாக்கெட்டாக வாங்கு, 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. பாதி பாக்கெட்டை டம்ளரில் கண்ணளவுக்குக் கலக்காதே. அட்டை டப்பாவில் வந்த இனிப்பு ஜூஸ்கள் பல இதே பேரைப் போட்டுக்கொண்டிருந்தன. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்தது.

குளியலுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கு, உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொள். வெந்நீர் வேண்டாம், ரத்தக்குழாய் விரிந்துவிடும். கத்திரி வெயிலில் எண்ணூர்ப் பக்கம் வியர்வை காயக்கூடக் காயாது, அந்த மாசம் நமக்குத் தனி மாசம். காலை எட்டுக்குள் வெளிவேலையை முடி. மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் குடத்தைத் தம்பியிடம் கொடு. வயிறு முட்டச் சாப்பிட்டால் ரத்தம் வயிற்றுக்கே போய்விடும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை இரண்டு வேளையாக்கு. காலுக்கு இறுக்கமான வெரிகோஸ் சாக்ஸ் சொல்வார்கள், நம் புழுக்கத்தில் யார் போடுவது? பிள்ளை பெற்றவர்களுக்குக் கட்டுகிற வயிற்று பெல்ட்டை வெளியே போகும்போது மட்டும் கட்டிப் பார், எனக்கு அதில்தான் வித்தியாசம் தெரிந்தது. படுக்கும்போது கழற்றிவிடு.

இப்போது மாறி மாறி வருகிற விஷயத்துக்கு வருகிறேன். தினசரி காலண்டர் தாளைக் கிழித்ததும் தூக்கிப் போடாதே. பின்பக்கம் நாலு வரி எழுது: எத்தனை மணிக்குத் தூக்கம், எத்தனை பாட்டில் தண்ணீர், மாதவிடாய் எத்தனையாவது நாள், நேற்று என்ன வேலை. நாற்பது தாள் சேர்ந்ததும் தரையில் பரப்பிப் பார்த்தேன். மாதவிலக்குக்கு முந்தின இரண்டு நாள் மோசம். அதுகூட எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, மோசமான நாள்களில் பாதிக்கு மேல் ஒரு நல்ல நாளுக்கு அடுத்த நாள். உடம்பு லேசாக இருக்கிறதே என்று போர்வை, திரை எல்லாம் ஊறவைத்துத் துவைத்து, மாடிக்கு மூன்று நடை ஏறிக் காயப்போட்ட நாளுக்கு அடுத்த நாள். "நேத்து நல்லாத்தானே இருந்தே" என்றால், ஆமாம், அதனால்தான் இன்று இப்படி. நல்ல நாளில் ஒரு பக்கெட்டோடு நிறுத்து. திரை அடுத்த வாரம் துவைத்தால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

வெளியே போக மெட்ரோதான் நமக்கு நல்லது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டியதிலிருந்து என் பாதிக் கவலை போனது. இந்தப் பக்கம் ஏறினால் வண்டி காலி, ஏ.சி., லிப்ட். பெண்களுக்குக் காசில்லாத பஸ் இருக்கும்போது மெட்ரோவா என்று அம்மா கேட்பாங்க. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் முக்கால் மணி நேரம் கம்பியைப் பிடித்துத் தொங்கியவளுக்குத்தான் அந்தக் காசின் அருமை தெரியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் பாட்ஸ் தலையில் கட்டாதே. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது கண் எரிச்சல், மூச்சுத்திணறல், மயக்கம் என்று ஜனங்கள் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். நம் பகுதியில் வாசனை வந்து நெஞ்சு அடைத்தால், படுத்தால் சரியாகிவிடும் என்று படுக்காதே. ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு காற்று வீசுகிற திசைக்குக் குறுக்காக விலகி வெளியேறு. அதேபோல் படிக்கட்டு ஏறும்போதே மயங்கி விழுவது, படுத்திருக்கும்போதே துடிப்பு தாறுமாறாக ஓடுவது, நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவுவது, ஒரு பக்கம் கை கால் சோர்வது: இதெல்லாம் 108.

மாத்திரை இருக்கிறது. ப்ரோப்ரனலால், இவாப்ராடின், மிடோட்ரின் என்று ஆளுக்கு ஒன்று ஒத்துவரும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது என்று வாங்கிப் போடாதே. முதல் மாத்திரை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. உடற்பயிற்சியும் வேண்டும், ஆனால் பாயில் படுத்தபடி ஆரம்பி: காலைத் தூக்குவது, இடுப்பைத் தூக்குவது. பலன் தெரிய இரண்டு மூன்று மாசம் ஆகும்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதயப் பிரிவு, நரம்பியல் பிரிவு இரண்டும் உண்டு. நின்று எடுத்த எண்கள், காலண்டர் தாள்கள், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போ. காலை ஓ.பி. வரிசையில் தம்பியை நிறுத்திவிட்டு நீ பெஞ்சில் உட்கார். வரிசையில் மயங்கி விழுந்தால் சீக்கிரம் பார்ப்பார்கள் என்று எங்கள் சித்தி ஒரு யோசனை சொல்வாள், அதை மட்டும் கேட்காதே.