வைஃபை பெட்டிக்கு விலாசம் சொல்லுங்கள்
சிஸ்கோ வைஃபை ஆக்சஸ் பாயிண்டுகள், தம்மை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் வேறொரு சப்நெட்டில் இருக்குமாயின், யாரேனும் விலாசம் சொல்லாத வரையில் அதைக் கண்டுகொள்ள இயலாமல் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருக்கும். ஆதலின், அவற்றுக்கு ஐ.பி. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரிலேயே, 43-ஆம் ஆப்ஷனில், கன்ட்ரோலரின் விலாசத்தையும் எழுதிவைப்பது உத்தமமான உபாயம். எழுதும் முறைதான் சற்று விசித்திரம்: முதலில் எஃப்1 என்ற வகைக்குறி, அடுத்து நீளம், அதாவது ஒரு கன்ட்ரோலருக்கு 04, இரண்டாயின் 08, அதன்பின் விலாசத்தின் நான்கு எண்களும் ஹெக்ஸ் வடிவில், 192.168.10.5 என்பது சி0 ஏ8 0ஏ 05 என்றாகும். இரண்டாவது கன்ட்ரோலரைச் சேர்த்துவிட்டு நீளத்தை 04 என்றே விட்டுவிடாதீர்கள் (அடியேன் ஒரு மாலைப்பொழுதை அதற்குக் காணிக்கையாக்கியதுண்டு). நடுவே ஃபயர்வால் இருப்பின், யு.டி.பி. 5246, 5247 போர்ட்டுகள் திறந்திருப்பதும் அவசியம்.