‘ஏரோ’ – ஒரு பாய்மரப் போர்க்கப்பலின் வரலாறு

பண்டைய போர்க்கப்பல் என்றவுடன் பீரங்கிகளே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் அதன் ஆற்றல் மரம், செம்பு, துறைமுகம் ஆகிய மூன்றையும் பெரிதும் சார்ந்திருந்தது. சோழமண்டலக் கடலில் போரிட்ட ‘ஏரோ’ என்னும் பிரெஞ்சுக் கப்பலின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

அமைப்பு

1778-இல் தூலோன் துறைமுகத்தில் நீரில் இறக்கப்பெற்ற இக்கப்பல் 74 பீரங்கிகளைத் தாங்கியது. மிகக் கனமானவை கீழ்த்தட்டில் வைக்கப்பட்டன. அதனால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து, கப்பல் எளிதிற் கவிழாமல் நின்றது.

இந்தியக் கடலில்

1781-இல் தளபதி சுஃப்ரேனின் தலைமைக் கப்பலாக ‘ஏரோ’ பிரான்சினின்று புறப்பட்டது. பெங்களூர்க் கோட்டையைக் கல்லாற் கட்டுவித்த ஹைதர் அலி அப்போது ஆங்கிலேயருடன் போர் புரிந்துகொண்டிருந்தார். பிரெஞ்சுக் கடற்படை அவருக்குத் துணையாயிற்று. 1782 ஜூலையில் கடலூருக்கு அருகில் இருவரும் சந்தித்தனர்.

அவ்வாண்டில் மட்டும் ‘ஏரோ’ ஆங்கிலத் தளபதி ஹியூஸின் படையுடன் நான்கு முறை பொருதது: பிப்ரவரி 17-இல் சதுரங்கப்பட்டினத்திற்கு அருகிலும், ஏப்ரல் 12-இல் இலங்கையின் கீழ்க்கரையிலும், ஜூலை 6-இல் நாகப்பட்டினத்திற்கு அருகிலும், செப்டம்பர் 3-இல் திருகோணமலைக்கு அப்பாலும் அப்போர்கள் நிகழ்ந்தன.

செம்பும் மரமும்

வெப்பக் கடல்களில் துளைப்புழுக்கள் மரத்தை அரிக்கும். கொட்டலசுகள் அடிப்பாகத்தில் ஒட்டி வேகத்தைக் குறைக்கும். செப்புத் தகடு இவ்விரண்டையும் தடுத்தது. பிரெஞ்சு அணியில் சில கப்பல்களுக்கு இக்கவசம் இல்லாமையால், விரைவானவையும் மெதுவானவற்றிற்காகக் காத்திருக்க நேர்ந்தது.

திருகோணமலைப் போரில் ‘ஏரோ’வின் நடுப்பாய்மரம் முறிந்தது. அத்தகைய நெடுமரங்கள் அருகில் எங்கும் கிடைக்கவில்லை. சில நாட்களில் ‘ஓரியான்’ என்னும் துணைக்கப்பல் தரைதட்டி அழிந்தபோது, அதன் பாய்மரங்களை எடுத்தே சேதமுற்ற கப்பல்கள் பழுதுபார்க்கப்பட்டன.

துறைமுகம்

சோழமண்டலக் கரையில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கவேண்டியிருந்தது. வடகிழக்குப் பருவத்தில் புயல் அபாயம் மிகுதி. ஆகவேதான் சிறந்த இயற்கைத் துறைமுகமாகிய திருகோணமலையை 1782 ஆகஸ்டு இறுதியில் சுஃப்ரேன் கைப்பற்றினார்.

முடிவு

1783-இல் சமாதானச் செய்தி எட்டியதும் போர் நின்றது. 1784-இல் ‘ஏரோ’ தூலோன் திரும்பிற்று. 1793 டிசம்பரில் அந்நகரை விட்டகன்ற ஆங்கிலேயர் மூட்டிய தீயில், எதிரியின் பீரங்கிகளுக்குத் தப்பிய அக்கப்பல் தன் சொந்தத் துறைமுகத்திலேயே எரிந்தழிந்தது.

ஆசிரியர்களுக்கு

நான்கு போரிடங்களையும் படத்தில் குறிக்கச் செய்க. மரப்பெட்டி ஒன்றில் ஈயத்துண்டுகளை முதலில் அடியிலும், பின்னர் மேலேயும் வைத்து நீரில் மிதக்கவிட்டு, எந்நிலையில் அது எளிதிற் சாய்கின்றது என்பதை மாணவர் தாமே கண்டறியச் செய்க.