ஸ்க்ரப் டைபஸ்: எந்த டெஸ்ட், எந்த மாத்திரை, எந்த ஆஸ்பத்திரி?

ஐப்பசி மழையில் முந்திரிக்காடும் தைலமரக்காடும் புல் மண்டிவிட்டால், தை முடியும்வரை புதுக்கோட்டைப் பக்கம் காய்ச்சல் காலம்தான். வருகிற காய்ச்சலையெல்லாம் டெங்கு, இல்லையென்றால் டைபாய்டு என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஸ்க்ரப் டைபஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது பெரும்பாலும் இதைத்தான்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் போனில் சொல்லிப் பயமுறுத்தும், உண்ணிக்கடியால் வரும் லைம் நோய் வேறு. 1970களில் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊர்ப்பக்கம் அடையாளம் காணப்பட்டது அது. ஆட்டின் காதில் உண்ணியைப் பார்த்துவிட்டு லைமுக்கு டெஸ்ட் எடுக்க ஓட வேண்டாம். இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்க்ரப் டைபஸை. இதைப் பரப்புவது எலி நடமாடும் புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. கண்ணுக்குத் தெரியாது, கடித்தாலும் வலிக்காது. காய்ச்சல் தலைகாட்ட 6 முதல் 21 நாள் ஆகும். அதற்குள் எந்தக் காட்டில் உட்கார்ந்தோம் என்பதே மறந்திருக்கும்.

தடுப்பில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் குளியலைச் சொல்வேன். கொல்லையிலிருந்தோ நூறு நாள் வேலையிலிருந்தோ வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, கட்டியிருந்த துணியை அப்படியே துவைக்கப் போட்டுவிட வேண்டும். அந்தக் குஞ்சு உடம்பில் ஏறியவுடன் கடிப்பதில்லை, இடம் தேடி ஊரும், அதற்குள் கழுவிவிடலாம். அடுத்தது, மர நிழலில் சோறு சாப்பிட உட்காரும்போது வெறும் புல்லில் உட்காராமல் தார்ப்பாயோ சாக்கோ விரிப்பது. பூச்சி விரட்டும் கிரீமைக் கணுக்காலிலும் இடுப்பிலும் தடவினால் பலன் உண்டு. ஆனால் வியர்வையில் சில மணி நேரத்தில் போய்விடும், தினமும் வாங்கிக் கட்டுப்படியாகாது. துவைத்த துணியைப் புதர்மேல் காயப்போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். தடுப்பூசி இன்னும் வரவில்லை.

காய்ச்சல் வந்தபின் முதல் பரிசோதனைக்குக் காசு வேண்டாம். உடம்பைப் பாருங்கள். கடித்த இடத்தில் பீடி நெருப்பால் சுட்டதுபோல், கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவப்புமாக ஒரு புண் இருக்கும். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை என்பதால் நோயாளிக்கே தெரிவதில்லை. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்துக்கு அடியில், பாவாடை நாடா இறுகும் இடம், காதுக்குப் பின்னால் என்று அது ஒளிந்திருப்பது பெரும்பாலும் டாக்டரிடம் காட்டக் கூச்சப்படும் இடங்கள். பெண்கள் நர்ஸிடமாவது காட்டிவிட வேண்டும். புண் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பார்த்த நோயாளிகளிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அது இருந்தது.

ரத்தப் பரிசோதனையில் நம்மை அதிகம் ஏமாற்றுவது டைபாய்டுக்கு எடுக்கும் வைடால் டெஸ்ட். அதில் லேசாக ஏதாவது தெரிந்தாலே டைபாய்டு என்று எழுதி, ஊசி போட்டு ஒரு வாரத்தை ஓட்டிவிடுகிறார்கள். டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் ஸ்க்ரப் டைபஸ் கிருமியை ஒன்றும் செய்யாது. இது நம் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும் கிருமி. ஸ்க்ரப் டைபஸுக்கான டெஸ்டுகளில் வெயில்-ஃபெலிக்ஸ் மலிவுதான், ஆனால் அதில் நெகட்டிவ் என்று வந்தால் நம்ப முடியாது. ஐ.ஜி.எம். எலைசா மேல், காய்ச்சலின் முதல் நான்கைந்து நாளில் அதுவும் தவறவிடக்கூடும். பிளேட்லெட் இதிலும் குறையும் என்பதால் டெங்குவோடு குழம்புவதும் உண்டு. அதனால் அறிகுறி பொருந்துகிறது என்று டாக்டருக்குத் தோன்றினால், ரிசல்ட் வரும்வரை காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவதே சரி.

அந்த மருந்து டாக்ஸிசைக்ளின். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், கடையில் வாங்கினாலும் மலிவு. பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, 7 நாள் என்பது வழக்கமான அளவு. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது; அஸித்ரோமைசின் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு இரண்டில் எது என்று கேட்டால் டாக்ஸிசைக்ளின் என்பேன். சாப்பிட்டபின், ஒரு டம்ளர் தண்ணீர் முழுதாகக் குடித்து விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் நெஞ்சு புண்ணாகும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் இடையில் சில மணி நேரம் விட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சேராது. இந்த மாத்திரை சாப்பிடும் வாரம் வெயில் தோலைச் சுடும். களை பறிக்கப் போகாமல் இருப்பது நல்லது.

பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டுவிடும். விடவில்லையென்றால் நோய் வேறாக இருக்கலாம், திரும்பப் போய்க் காட்டுங்கள். மூச்சிரைப்பு, பிதற்றல், வலிப்பு, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட்டுப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திருச்சி, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கோ போய்விட வேண்டும். கடுமையான நிலையில் டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது நல்லது என்று சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. இறப்பு, ஒரு வாரமாகியும் தீராத சிக்கல், 5ஆம் நாளும் விடாத காய்ச்சல் இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஒற்றை மருந்து கொடுத்தவர்களில் 47, 48 சதவீதமாக இருந்தது, இரண்டும் கொடுத்தவர்களில் 33ஆகக் குறைந்தது. இறப்பை மட்டும் தனியாக எடுத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் கட்டத்துக்குப் போகும் முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

தேறிய பிறகும் அசதி சில வாரம் இருக்கும். டானிக்குக்குக் காசைக் கொட்ட வேண்டாம். முட்டை, பருப்பு, தூக்கம் போதும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்றும் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலென்று போய் நின்றால், போன தடவை வந்தது ஸ்க்ரப் டைபஸ் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்; பழைய சீட்டு இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.