எல்.சி. கற்றுத் தந்த பாடம்

எடப்பாடிப் பக்கம் ஒரு துணை மின் நிலையத்தில் எனக்கு இன்பிளான்ட் டிரெயினிங். லைனில் வேலை என்றால் முதலில் எல்.சி., அதாவது லைன் கிளியர் வாங்க வேண்டும். பிரேக்கரை ஆஃப் செய்து, ஐசொலேட்டரைத் திறந்து, வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் எர்த் ராடு மாட்டுவார்கள். எல்.சி. வாங்கியவரே அதைத் திருப்பித் தர வேண்டும். அதுவரை சப்ளை கிடையாது.

ஒருநாள் வேலை முடிந்ததும் போர்மேன் ஆட்களை எண்ணினார். ஒருவர் குறைவு. அது நான்தான்! சொல்லாமல் டீ குடிக்கப் போயிருந்தேன். தேடிப் பிடிக்க 20 நிமிடம். அதுவரை அந்த ஃபீடரில் இருந்த விசைத்தறிகள் எல்லாம் நின்றன. ஓட்டிய மீட்டருக்குத்தானே கூலி!

அவர் திட்டவில்லை. "ஏங் கண்ணு, நீ லைன்ல இருந்திருந்தா என்னாவறது? ஆள் கணக்கு சரியாகாம எல்.சி.யைத் திருப்ப மாட்டேன்" என்றார்.

அவர் எனக்காகக் காத்திருந்தார்; நான் அவரை நினைக்கவில்லை. சொல்லிவிட்டுப் போவதும் வேலையில் சேர்த்திதான்!